எண்ணெய் தேய்க்காத வருஷம்

என் கணவரின் உடம்பில் பதினேழு கட்டிகள் இருந்தன. முதுகில் பதினொன்று, விலாவில் மூன்று, வலது கையில் இரண்டு, வலது தொடையின் பின்பக்கம் ஆழத்தில் ஒன்று. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, கல்கத்தாவுக்கு வந்து குடித்தனம் வைத்த முதல் சனிக்கிழமைதான் இது எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஜாதகங்களை மூன்று ஜோசியர்கள் அலசியிருந்தார்கள். பத்துப் பொருத்தத்தில் எட்டு இருக்கிறது என்று என் அப்பாவுக்குப் பரம திருப்தி. மாப்பிள்ளையின் முதுகைப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவர் கவர்ன்மெண்ட் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். பவானிபூரில், டிராம் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் குடியிருந்தோம். அவர், அவருடைய அம்மா, நான், ஆக மூன்று பேர். கீழே வீட்டுச் சொந்தக்காரர்களான வங்காளிக் குடும்பம். அந்த வீட்டு அம்மாளை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், நம்மில் பெரியம்மா என்பதுபோல. அவள் என்னை பௌமா என்பாள், அதாவது மருமகளே. மத்தியான வேளைகளில் அவளோடு உட்கார்ந்து காய் நறுக்கி நறுக்கியே நான் வங்காளி கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் மீன்காரியோடு, எங்கள் வாசலில் கூடையை இறக்காதே என்று, சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது. என் மாமியாருக்குக் கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை. வரவேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

அந்த முதல் சனிக்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பும் முன் என் கணவருக்கு எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெய் டின்னும் சீயக்காயும் ஊரிலிருந்து ரயிலில் வரும். இங்கே எல்லோரும் கடுகெண்ணெயைத்தான் தேய்த்துக்கொள்கிறார்கள். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்தார். நான் வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் என் கையைப் பிடித்து எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்து மகன் முதுகில் வைத்தார். அதுநாள்வரை அவர்தான் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"இது பழசு. இதுவும் பழசு," என்று என் விரல்களை ஒவ்வொரு கட்டியின்மேலும் நகர்த்திக்கொண்டு போனார். "தொடையில ஒண்ணு இருக்கு பார், அழுத்தினாத்தான் தெரியும். புளியங்கொட்டை அளவு. எல்லாத்தையும் கைக்குப் பழக்கிக்கோ. புதுசா ஏதாவது வந்தாலும் சரி, இருக்கறது பெருசானாலும் சரி, எங்கிட்ட சொல்லு."

"இதெல்லாம் என்னம்மா?"

"கழலை. அவா அப்பாவுக்கும் இருந்தது."

அந்த அப்பா எப்படிப் போனார் என்று நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து, அப்பளத்துக்கு மாவு இடிக்கும்போது மாமியாரே சொன்னார். கழுத்தில் இருபது வருஷமாகச் சும்மா இருந்த கட்டி ஒன்று திடீரென்று பெருத்து, நாலு மாதத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டதாம். இது என் அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா பொண்ணைக் கொடுத்திருப்பாரா?" என்றார். அவர் குரலில் வருத்தமும் இல்லை, வெட்கமும் இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்றுதான் நினைக்கிறேன். உலக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாவை இடித்தேன்.

என் கணவர் நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வியாதியைப் பற்றியே எழுதிக்கொண்டு போய்விடுவேன். குரலை உயர்த்தமாட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டால் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வார். சனிக்கிழமை என் கை முதுகில் இறங்கியதும், "என்ன, எல்லாரும் சௌக்கியமா?" என்று தன் கட்டிகளை விசாரிப்பார். "சௌக்கியம்," என்பேன். அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு கிடையாது. பத்து வருஷ சனிக்கிழமைகளில் என் விரல்களுக்கு அந்தப் பதினேழும் மனப்பாடம் ஆகிவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாலும் எது எங்கே, எந்த அளவு என்று சொல்வேன்.

எங்களுக்கு ஒரே பையன். பிறந்தபோதே அவன் இடுப்பிலும் முதுகிலும் ஆறு திட்டுகள் இருந்தன, வெல்லப்பாகு சொட்டிக் காய்ந்த நிறத்தில். மாஷிமா அவற்றைப் பார்த்துவிட்டு, ராஜாவாகப் போகிறான் என்றாள். என் கணவரின் முதுகிலும் அதே நிறத் திட்டுகள் உண்டு. கட்டிகளுக்கு நடுவில் நான் அவற்றை ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. மாமியார் குழந்தையைக் குப்புறத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் துணியைச் சுற்றிவிட்டார். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கமாட்டாதவர் அவர். அன்று வாயே திறக்கவில்லை என்றதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பையனுக்கு நாலு வயதானபோது அக்குளில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் வந்தன, மிளகுத்தூள் தூவியதுபோல. என் கணவர் அவனை இரண்டு சந்து தள்ளியிருந்த டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் வங்காளி, சீமையில் படித்துவிட்டு வந்தவர். நானும் மாமியாரும் கூடப் போய், உள்கதவுக்குப் பின்னால் நின்றோம். டாக்டர் பையனைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, நீங்களும் சட்டையைக் கழற்றுங்கள் என்றார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து வெகுநேரம் பார்த்தார். என் கணவர் ஆபீஸ் பழக்கத்தில் வங்காளி நன்றாகப் பேசுவார், ஆகவே பேச்சு அந்த பாஷையில்தான் நடந்தது.

"இரண்டு பேருக்கும் ஒரே வியாதி," என்றார் டாக்டர். "நரம்பின் மேலுறையில் வருவது. அபூர்வமானது, நானே இதற்குமுன் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தோடு வருகிறது. உங்களுக்கு உங்கள் தகப்பனாரிடமிருந்து வந்திருக்கும். இவனுக்கு உங்களிடமிருந்து வந்திருக்கிறது. வயது ஏற ஏற இவனுக்கும் கட்டிகள் வரும்."

"குணமாக்க மருந்து உண்டா?"

"கிடையாது. ஆனால் பயப்படவும் வேண்டாம். இந்தக் கட்டிகளில் முக்கால்வாசி நீங்கள் கிழவராகிச் சாகும்வரை ஒன்றும் செய்யாது. ஆனால் ஏதோ ஒன்று கெட்டுப்போகலாம். மற்றவர்களைவிட இந்த வியாதிக்காரர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதுவும் ஆழத்தில் இருப்பதுதான் எனக்குக் கவலை." அவர் என் கணவரின் தொடையைத் தொட்டுக் காட்டியிருக்க வேண்டும். "திடீரென்று பெருத்தாலோ, வலித்தாலோ, கெட்டியானாலோ, அதற்குக் கீழே காலில் உணர்ச்சி குறைந்தாலோ, அன்றைக்கே வாருங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்."

வெளியே வந்ததும் மாமியார், "என்ன சொன்னார்?" என்றார்.

"ஒண்ணுமில்லையாம்மா. பயப்பட வேண்டாம்னுட்டார்," என்றார் என் கணவர்.

அந்த சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது, டாக்டர் சொன்னது எல்லாம் எனக்கும் புரிந்தது என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாமா?"

"தொடை வரைக்கும்."

அவர் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதே. அவ ஒருதரம் பார்த்தது போறும். நீ கையால பார்த்துண்டே இரு. ஏதாவது இருந்தா எனக்கு முன்னால உனக்குத்தான் தெரியும்," என்றார். நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி அவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்ததில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

பையனுக்கு ஏழு வயதில் பூணூல் போட்டோம். மறு வருஷம் ஐப்பசியில், துர்கா பூஜா முடிந்த வாரத்தில், மாமியார் மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டார். அதற்குமுன் அவர் படுத்தே நான் பார்த்ததில்லை, அதனால் நாலாம் நாள் அந்த இடம் காலியாக இருந்ததை என்னால் சட்டென்று நம்ப முடியவில்லை. காரியங்களைச் செய்துவைக்கக் காளிகாட்டிலிருந்து வாத்தியார் வந்தார். கும்பகோணத்துக்காரர், கல்கத்தாவிலிருந்த எங்களவர்களுக்கெல்லாம் அவர்தான் புரோகிதர். பதிமூன்று நாளும் முடிந்ததும் என் கணவரை உட்காரவைத்து அந்த வருஷத்துக்கான நியமங்களைச் சொன்னார். வெற்றிலை கூடாது. வெளியில் சாப்பிடக் கூடாது. பாயில் தனியாகப் படுக்க வேண்டும். மாதாமாதம் அம்மாவின் திதியில் மாசியம் என்ற சிராத்தம் தவறக் கூடாது. எண்ணெய் ஸ்நானம் கிடையாது.

அந்தக் கடைசி நியமத்தைக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நிமிஷம், அரை நிமிஷம், மனசில் சுருக்கென்றாவது இருந்திருக்காதா என்று தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. என் அப்பா ஊரில் அவருடைய அப்பாவுக்காக ஒரு வருஷம் எண்ணெய் இல்லாமல் இருந்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். பிள்ளை என்றால் இருக்க வேண்டியதுதான். இன்னும் வெட்கக்கேடான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலைகள் எனக்கு லேசாயின. வெந்நீர் போட வேண்டாம், எண்ணெய் காய்ச்ச வேண்டாம். பையனுக்கு மட்டும் சாயங்காலம் சாவகாசமாகத் தேய்த்துவிடுவேன்.

எண்ணெய் இல்லாமல் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கேளுங்கள். முதுகில் இருந்தவை கண்ணுக்குத் தெரிந்தன, வீட்டில் அவர் மேலே துண்டு போடுவதில்லை. தொடையில் இருந்தது வேஷ்டிக்குள், சதைக்குள் இருந்தது. பட்டப்பகலில் புருஷனுடைய தொடையை அழுத்திப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எண்ணெய்க் கிண்ணம் கையில் இருந்தால் அது வேலை. இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர், அதுவும் விரதம் இருக்கிற மனிதரிடத்தில். அவர் பாயில் தனியாகப் படுத்திருந்தார். ஆறு மாதம் நான் அவரைத் தொடவே இல்லை.

சித்திரை மாதம் ஒரு சாயங்காலம் அவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். வலது செருப்பு டிராமிலிருந்து இறங்கும்போது எங்கேயோ நழுவியிருக்கிறது. தெருக்கல் அந்த வேளையிலும் கொதிக்கும். அதன்மேல் வெறுங்காலோடு சந்து முழுவதும் நடந்து வந்திருக்கிறார். "நழுவினதே தெரியல்லே, மாஷிமாதான் கூப்பிட்டு, ஒரு செருப்பு எங்கேன்னு கேட்டா," என்று சிரித்தார். பையனும் சிரித்தான். எனக்கு டாக்டரின் குரல் ஞாபகத்துக்கு வந்தது.

பையனைக் கீழே அனுப்பினேன். அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, திரும்பி நில்லுங்கள் என்றேன். வேஷ்டியின் மேலாகவே கையை வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சம்பழ அளவு இருந்தது. அழுத்தினால் அமுங்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்தார்.

"எத்தனை நாளா வலி?"

"மாசியிலேர்ந்து இருக்கு. டிராம்ல மரப்பெஞ்சு, ஆபீஸ்ல மர நாற்காலி, அதனாலன்னு நினைச்சேன்."

"நாளைக்குக் காத்தாலே டாக்டர்கிட்ட போகணும்."

"போனா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுடுவா."

"படுத்துக்கோங்கோ."

"மாசியம் யார் பண்றது? நான் ஒத்தைப் பிள்ளை. நடுவுல நின்னுபோச்சுன்னா அம்மா பசியோட நிப்பா. இன்னும் ஆறு மாசம்தானே? ஐப்பசியில வருஷாப்திகம் முடிஞ்ச மறுநாள் போறேன். நீ எங்கே கூப்பிட்டாலும் வரேன்."

அப்பா போன பிறகு அம்மா ஒருத்தியாக அவரை வளர்த்தாள். அவள் பசியோடு நிற்பாள் என்பது அவருக்குப் பேச்சுக்குச் சொன்ன காரணம் இல்லை. அதை அவர் கண்ணால் பார்ப்பதுபோலச் சொன்னார். நான் இரண்டு நாள் சண்டை போட்டேன். அழுதேன். ஒருவேளை பட்டினிகூட இருந்தேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். நான் பிடிவாதம் பிடித்து மாசியம் நின்றுபோய், அதற்குப் பிறகு ஏதாவது கெடுதல் வந்தால் அது என் தலையில் விடியும் என்ற பயமும் எனக்கு இருந்தது. அவருடைய உயிரைவிட அந்தப் பயம் எனக்குப் பெரிதாக இருந்ததா என்றால், அந்த மூன்றாம் நாள் இருந்திருக்கிறது.

அதன்பிறகு நாங்கள் இருவரும் மாசியங்களை எண்ண ஆரம்பித்தோம். வைகாசி ஆயிற்று, ஆனி ஆயிற்று. வாத்தியார் வருவார், கூடத்தில் உட்காருவார், மந்திரம் சொல்லுவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். என் கணவர் காலை மடக்கி உட்காரும்போது முகம் வெளுத்துப்போகும். ஆடியில் அவர் மாடிப்படி ஏறுவதைப் பார்த்துவிட்டு மாஷிமா என்னைக் கூப்பிட்டாள்.

"பௌமா, டாக்டர்பாபு இரண்டு சந்து தள்ளித்தானே இருக்கிறார்? இவர் போகாவிட்டால் நீ போய்ச் சொல்லேன்."

"மாமியாரின் வருஷம் முடியட்டும், மாஷிமா."

"எங்களிலும் பெற்றவர்கள் போனால் ஒரு வருஷம் உண்டு. அதற்காகக் கால் வலித்தால் சும்மா இருக்கமாட்டோம்," என்றாள். உங்கள் வழக்கம் வேறு, எங்கள் வழக்கம் வேறு என்று நான் அவளுக்குப் பதில் சொன்னேன். சரளமான வங்காளியில் சொன்னேன்.

வருஷாப்திகம் குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் காலை, வாக்குக் கொடுத்தபடியே அவர் டாக்டர் வீட்டுக்கு வந்தார், பையன் தோளைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் தொடையில் கை வைத்ததும் கேட்டார்: "இது எப்போது ஆரம்பித்தது?"

"கொஞ்ச நாளாகத்தான்," என்றார் என் கணவர்.

"பைஷாக் மாதத்தில்," என்றேன் கதவுக்குப் பின்னாலிருந்து. அவர்கள் சித்திரையை அப்படித்தான் சொல்வார்கள். அந்த டாக்டரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.

டாக்டர் நான் நின்ற பக்கம் பார்த்தார். அன்றைக்கே வரச் சொன்னேனே என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவர் கை கழுவிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

ஆஸ்பத்திரியில் தொடையைத் திறந்து, எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு மூடினார்கள். இது நரம்போடு மேலே ஏறிவிட்டது, காலையே எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று சொன்னார்களாம். நான் தினமும் ரசஞ்சாதம் கட்டி அனுப்பினேன். மார்கழியில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தையில் இருமல் வந்தது. ஒருநாள் முதுகு அரிக்கிறது, சொறிந்துவிடு என்றார். சொறிந்தேன். முதுகில் அந்தப் பதினொன்றும் அப்படியே, பழைய இடத்தில், பழைய அளவில் இருந்தன. "எல்லாரும் சௌக்கியமா?" என்றார். நான் சொறிந்துகொண்டே இருந்தேன். மாசியில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயது.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. அடுப்பில் பருப்பு இருந்தது, அதை இறக்கினேனா என்ற யோசனைதான் வந்தது. ஊரிலிருந்து என் நாத்தனார் இரண்டரை நாள் ரயிலில் வந்து சேர்ந்தாள். அவருடைய அக்கா, அந்த வீட்டில் முதுகு சுத்தமாகப் பிறந்த ஒருத்தி. வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். நான் நின்றுகொண்டிருந்தேன். "கல்லு மாதிரி நிக்கறாளே," என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. அது எனக்குத் தப்பாகப் படவில்லை. அப்படித்தான் நின்றேன்.

பத்தாம் நாள் தலையை மழித்தார்கள். மண்டையில் காற்றுப் பட்டது, குளிர்ந்தது, அவ்வளவுதான். புடவையை மாற்றினார்கள். மூலையில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். என்னிடமிருந்து எதை எடுத்தாலும் அது வேறு யாருடையதோ என்பதுபோல இருந்தது. எழுந்து போய்த் தடுக்க வேண்டும் என்று எதற்கும் தோன்றவில்லை.

பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்ததும் வாத்தியார் பையனைக் கூடத்தில் உட்காரவைத்தார். அவனுக்கு ஒன்பது வயது. பெரியவர்களிடம் பேசுவதுபோல அவனிடம் நிதானமாகச் சொன்னார். "ஒரு வருஷம் வெளியில எங்கேயும் சாப்பிடப்படாது. மாசியம் அன்னிக்குப் பள்ளிக்கூடம் போகப்படாது. எண்ணெய் ஸ்நானம் கிடையாது. தெரிஞ்சுதா?" பையன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான்.

நான் எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டேன். "எண்ணெய் தேய்ப்பேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நாத்தனார், "என்னடி பேசறே? பெத்த அப்பன் போயிருக்கான், அந்தப் பிள்ளைக்கு எண்ணெய்க் குளியலா?" என்று என் கையைப் பிடித்தாள். உதறினேன். வாத்தியாரைப் பார்த்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பையனின் திட்டுகளை, டாக்டர் சொன்னதை, இந்த வியாதிக்காரர்களுக்கு எந்தக் கட்டி எப்போது கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதை, என் கைக்குப் பத்து வருஷமாக இருந்த வேலையை, அது நின்றுபோன வருஷத்தை. "அவருக்கு வேணும்கறதை எல்லாம் பண்றோம். என் தலையைக் கொடுத்துட்டேன். ஆனா வாரத்துக்கு ஒருதரம் இவன் உடம்பை நான் உச்சியிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பார்க்கணும். அதை நிறுத்தமாட்டேன். பாவம்னா எனக்கு வரட்டும்," என்றேன். ஆண்களுக்கு முன்னால் நான் அவ்வளவு பேசியதே இல்லை. என் குரல் நடுங்கவில்லை. வாத்தியார் எழுந்து போய்விட்டாலும், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னாலும் என்ன செய்வது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

வாத்தியார் தர்ப்பையைக் கீழே வைத்தார். "தேக ஆபத்துன்னா விலக்கு உண்டேம்மா. வைத்தியத்துக்காகத் தேய்ச்சா தோஷமே இல்லே. தாராளமாத் தேய்," என்றார்.

அவ்வளவுதான். நாத்தனாரும் அடங்கிவிட்டாள்.

"அவருக்கு இந்தக் கால் சமாசாரம் எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டார் வாத்தியார்.

"போன சித்திரையிலே."

"அப்பவே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல்லே?"

"நடுவுல மாசியம் நின்னுடுமேன்னு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நின்னா அடுத்த மாசியத்தோட சேர்த்துப் பண்றதும்மா. எத்தனையோ பேருக்குப் பண்ணிவெச்சிருக்கேன். மாசா மாசம் இதே கூடத்துல வந்து உக்காந்திண்டிருந்தேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கே கண் கலங்கியிருந்தது. அப்போதே போயிருந்தால் என் கணவர் பிழைத்திருப்பாரா என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஆறு மாதம் இருந்தது. நானும் அவரும் எண்ணி எண்ணிக் கழித்த ஆறு மாதம். யாருக்குப் பயந்தோம் என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. மாமியார்கூட உயிரோடு இருந்திருந்தால் அவரை முதுகில் தூக்கிக்கொண்டாவது டாக்டரிடம் போயிருப்பார். எங்களை யாரும் தடுக்கவில்லை.

அந்த சனிக்கிழமை பையனை மணையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தேன். கழுத்து, தோள், அக்குள், விலா, இரண்டு தொடையின் பின்பக்கம். ஆறு திட்டுகள் இருந்தன. கட்டி எதுவும் இல்லை. இன்று அவனுக்கு அவன் அப்பாவின் வயதாகிறது, உடம்பில் ஒன்பது இருக்கின்றன. எல்லாம் எனக்குத் தெரியும், அவன் மனைவிக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே அவளுடைய அம்மாவை அழைத்து நானே காட்டினேன். ஆனால் அன்றைக்கு அவன் சின்னக் குழந்தை. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கூடத்தில் நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன்.

"அம்மா, அப்பா ஏன் வாத்தியார் மாமாகிட்ட கேக்கல்லே?"

என் கை அவன் தொடையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"நானும் கேக்கல்லேடா," என்றேன்.